கைக்குழந்தை வருகிறது, வழிவிடுங்கள்!

தைப்பூசத் திருநாளன்று பத்துமலைத் திருத்தலத்தின் 272 படிகளிலும் ஓயாது ஒலிக்கும் குரல்கள் பல. “வேல், வேல், வெற்றிவேல்!” என்னும் முழக்கம் ஒருபுறம், உறுமி மேளத்தின் அதிர்வு மறுபுறம், ஒலிபெருக்கிகளில் மிதந்து வரும் பக்திப் பாடல்கள் இன்னொருபுறம். இவற்றுக்கிடையே, எந்த வாத்தியத்தின் துணையுமின்றி, எந்தத் தோத்திர நூலிலும் இடம்பெறாத ஒரு குரலும் ஆண்டுதோறும் அந்தப் படிகளில் எழுகின்றது.

“கைக்குழந்தை வருது, கொஞ்சம் வழி விடுங்க!”

இக்குரலை முதலில் எழுப்புபவர் பெரும்பாலும் அக்குழந்தையைப் பெற்றவர் அல்லர். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும் தந்தைக்கோ தாய்க்கோ குரல் எழுப்பும் தெம்பு அவ்வேளையில் இருப்பதில்லை. பக்கத்துப் படியில் ஏறிவரும் யாரோ ஒருவர், அக்குடும்பத்தை முன்பின் அறியாதவர், தாமே பாற்குடம் ஒன்றைத் தலையில் தாங்கி வருபவராகவும் இருக்கலாம், அவர்தாம் குரல் கொடுக்கின்றார். மேலே நிற்பவர் அதனை வாங்கித் தமக்கும் மேலே நிற்பவருக்கு அனுப்புகின்றார். குரல், குழந்தைக்கு முன்னே படியேறிச் செல்கின்றது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒரு முழ அகலத்திற்குப் பாதை ஒன்று பிறக்கின்றது. குழந்தை கடந்து சென்றதும் அது மூடிக்கொள்கின்றது. குரல் கொடுத்தவர் யார், வழிவிட்டவர் யார் என்பதைப் பெற்றோர் அறிவதில்லை. திரும்பி நின்று நன்றி கூறவும் அங்கே இடமில்லை.

காவடிகளின் எழிலும், வெள்ளி இரதத்தின் பவனியும், அலகு தரித்தவர்களின் மனவுறுதியும் ஆண்டுதோறும் போற்றப்படுகின்றன. அவை போற்றப்பட வேண்டியவையே. ஆயினும், பச்சிளம் பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கு முகமறியாதோர் செய்யும் இத்தகைய சிற்றுதவிகள் இல்லையேல், எத்தனையோ இளங்குடும்பங்கள் தங்கள் வேண்டுதலை நிறைவேற்றாமலே அடிவாரத்திலிருந்து வீடு திரும்பியிருக்கும். அதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கரும்புத் தொட்டிலின் கனம்

பத்துமலையில் தைப்பூசம் 1892ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1920ஆம் ஆண்டில் குகைக்கு மரப்படிகள் அமைக்கப்பட்டன. அவை பின்னாளில் கற்காரைப் படிகளாயின. பிள்ளைவரம் வேண்டி அப்படிகளில் ஏறியோரும், வரம் கிட்டியபின் பிள்ளையோடு மீண்டும் ஏறியோரும் எண்ணிலடங்கார். அவ்வாறு மீண்டு வருவோர் செலுத்தும் காணிக்கையே கரும்புத் தொட்டில்.

கரும்புகள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணியையோ தாயின் சேலையையோ அவற்றில் தூளியாகத் தொங்கவிட்டு, அதனுள் குழந்தையைக் கிடத்துவார்கள். ஒரு முனை கணவன் தோளில். மறுமுனை மனைவியின் தோளில். சமதரையில் நடக்கும்போது இச்சுமை இருவருக்கும் சமமாகவே இருக்கும். படியேறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகின்றது. முன்னே செல்பவரின் தோள் உயர்ந்தும் பின்னே வருபவரின் தோள் தாழ்ந்தும் இருப்பதால், தூளி மெல்ல மெல்லப் பின்னோக்கி நழுவுகின்றது. கனம் முழுவதும் பின்னே வருபவரின் தோளில் இறங்குகின்றது. ஆண்மகனே முன்னே செல்லவேண்டும் என்று எண்ணிக் கணவன் முன்னே சென்றால், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆன அந்தத் தாய், பாரம் முழுவதையும் தாங்கியவாறு செங்குத்தான படிகளில் ஏறவேண்டிய நிலை நேரும்.

முதல் பிள்ளையோடு வரும் இளந்தம்பதிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பல தைப்பூசங்களைக் கண்ட மூதாட்டி எவரேனும் அடிவாரத்திலேயே இதனைக் கவனித்துவிடுவார். “தம்பி, ஏறும்போது நீங்க பின்னால வாங்க, இறங்கும்போது முன்னால போங்க. தூளி எப்பவும் தாழ்ந்த பக்கம்தான் சாயும்.” அவ்வளவே. ஒரு வாக்கியத்தில் ஒரு தாயின் பாதிச் சுமை இறங்கிவிடுகின்றது.

படிகளில் ஏறும்போது இன்னும் சில கைகள் சேர்ந்துகொள்கின்றன. தூளி ஆடாமலிருக்க அடியில் உள்ளங்கையை ஏந்தியவாறு உடன் வருகின்றது ஒரு கை. குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடிக்கின்றது இன்னொரு கை. தாயின் தோளில் கரும்பு அழுத்தாமலிருக்க மடித்த துணியை வைத்துவிடுகின்றது மற்றொரு கை. குகையின் வாயிலை எட்டியதும் அக்கைகளுக்கு உரியவர்கள் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடுகின்றனர். பெற்றோர் வேண்டிக்கொண்டது முருகப் பெருமானிடம். அவ்வேண்டுதலை மேலேற்றி வைப்பவர்களுள் பாதிப் பேர் அவர்களுக்கு உறவினர் அல்லர்.

அறுவர் ஊட்டிய பால்

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தப் பெருமானின் சந்நிதிக்கு இக்குழந்தைகள் எடுத்துச் செல்லப்படுகின்றனவோ, அப்பெருமானே பெற்றவள் அல்லாத அறுவரின் மடியில் வளர்ந்தவன் அன்றோ?

சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து தோன்றிய தீப்பொறிகள் ஆறும் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தாமரை மலர்களின்மேல் தவழ்ந்தன என்று கந்தபுராணம் கூறுகின்றது. அக்குழந்தைகளுக்குப் பாலூட்டிச் சீராட்டியவர்கள் கார்த்திகைப் பெண்டிர் அறுவர். பின்னர் உமையம்மை வந்து அறுவரையும் ஒருசேர அணைத்தபோது, ஆறு திருமுகங்களும் பன்னிரு திருக்கரங்களும் கொண்ட ஒரே திருமேனியாயினான் கந்தன். தாயின் அணைப்பினால் அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பாலூட்டியவர்களின் அன்பினால் கார்த்திகேயன் என்னும் மற்றொரு பெயரும் கிடைத்தது. அவர்களுடைய நாளாகிய கார்த்திகை நாளில் நோன்பிருந்து அவனை வழிபடும் வழக்கம் இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

சற்றே நின்று சிந்திக்கவேண்டிய செய்தி இது. ஊரார் பிள்ளைக்குப் பாலூட்டிய அறுவரை இறைவன் மறக்கவில்லை; தன் பெயரிலேயே அவர்களைச் சுமந்துகொண்டான். மாதந்தோறும் கார்த்திகை விரதம் இருப்போர், அப்பெண்டிர் செய்த தொண்டையும் அந்நாளில் நினைவுகூர்கின்றனர். ஆகவே, சந்நிதி வரிசையில் அழும் பிள்ளையைக் கண்டு, “கொஞ்சம் எங்கிட்ட குடும்மா, நீ சாமி கும்பிட்டுட்டு வா” என்று கை நீட்டும் பெண்மணி புதுமை எதையும் செய்துவிடவில்லை. சரவணப் பொய்கையில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே அவர் செய்வது.

தோட்டத்து ஆயா முதல் அடுக்குமாடி வரை

மலேசியத் தமிழரின் வாழ்வில் இப்பண்பு புராணத்தோடு நின்றுவிடவில்லை. இரப்பர்த் தோட்டங்களில் அது நாள்தோறும் நடைமுறையில் இருந்தது. விடியுமுன்னே பெரட்டுக் களத்திற்குச் செல்லவேண்டிய தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போவார்கள். வரிசையாகக் கட்டிய தூளிகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உறங்கும். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எது பால் குடிக்கும், எது கஞ்சி குடிக்கும் என்பதெல்லாம் அந்த ஆயாவுக்கு மனப்பாடம். மாலையில் லயத்து வாசலில் ஒரு பிள்ளை அழுதால், முதலில் ஓடிவருபவள் பெற்றவளாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருந்ததில்லை. பிள்ளை ஒருவருக்குப் பிறந்தது; வளர்த்தது லயம் முழுவதும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டும் மறைந்தபோது, அம்மக்கள் பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்தனர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் அடுக்குமாடி வீடுகளில் பிறக்கின்றனர். தாத்தா பாட்டி ஓர் ஊரில். பெற்றோர் ஓர் ஊரில். அண்டை வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், தாய்க்குத் தலைவலி என்றாலும், மாற்றிப் பிடிக்க இரண்டாவது ஒரு மடி இல்லை.

இத்தகைய இளம்பெற்றோர் திருவிழாவுக்கு வரும்போது அவர்களோடு வருவது ஒரு பிள்ளை மட்டுமன்று. பால் புட்டி, வெந்நீர்க் குடுவை, பேம்பர்ஸ், மாற்றுத் துணி, மடக்கிய தள்ளுவண்டி, அர்ச்சனைத் தட்டு ஆகிய அனைத்தும் வருகின்றன. இவற்றைச் சுமக்க இருப்பவை நான்கே கைகள். அவற்றுள் இரண்டு பிள்ளையைப் பிடித்திருக்கும். தோட்டத்துத் திருவிழாவில் இருபது கைகள் இருந்தன. அந்தப் பதினாறு கைகளின் குறையை இன்று யார் ஈடுசெய்வது? வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் முகமறியாத பக்தர்களைத் தவிர வேறு எவரும் இல்லை.

முடியிறக்கும் இடத்தில் இது தெளிவாகப் புலப்படும். தலையில் நீர் பட்டதும் பிள்ளை அலறுகின்றது. கத்தி ஏந்தியவர் தயங்குகின்றார். தாயின் கண்கள் பிள்ளையின் கண்களுக்கு முன்பே கலங்குகின்றன. அவ்வேளையில் பக்கத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குகின்றார். பிள்ளை ஒரு கணம் அழுகையை மறந்து திரும்பிப் பார்க்கின்றது. அந்த ஒரு கணமே போதுமானதாகின்றது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி முடிப்பதற்குள் அப்பெரியவரின் முறையும் வந்துவிடுகின்றது. அவர் பெயரை எவரும் கேட்பதில்லை.

தண்ணீர்மலையிலும் தேங்க் ரோட்டிலும்

பினாங்கில் தைப்பூசத்தின் சிறப்புகளுள் தண்ணீர்ப் பந்தல்களும் தேங்காய் உடைக்கும் நேர்த்தியும் முதன்மையானவை. இரதம் வரும் வழியெங்கும் குவியல் குவியலாகத் தேங்காய்கள் உடைக்கப்படும். சீன அன்பர்களும் பெருந்திரளாக இந்நேர்த்தியில் பங்கேற்கின்றனர். கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் வெறுங்காலோடு நடக்கும் சிறுபிள்ளைக்கு, ஓட்டுச் சில்லுகளும் இளநீர் வழுக்கும் தார்ச்சாலையும் ஆபத்தானவை. உடைத்த கையோடு மண்வாரியையும் துடைப்பத்தையும் எடுத்துச் சில்லுகளை ஓரம் தள்ளுபவர்களும் அங்கே இருக்கின்றனர். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக வரும் தந்தைக்குக் கை காட்டி, சுத்தமான தடத்தைச் சுட்டிக்காட்டுபவர் சீனராகவும் இருப்பார், தமிழராகவும் இருப்பார். பிள்ளையின் பாதத்திற்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

2012ஆம் ஆண்டில் தண்ணீர்மலை உச்சியில் எழுந்த அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 513 படிகள் ஏறவேண்டும். பத்துமலையின் படிகளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கைக்குழந்தையோடு ஏறும் குடும்பத்திற்கு, இடையிடையே அமர்ந்து இளைப்பாறுவது இன்றியமையாதது. அமர்ந்திருப்பவர் எழுந்து இடம் தருவதே அங்கே பெருந்தொண்டு.

சிங்கப்பூரின் நிலை சற்றே வேறு. அங்கே 1968ஆம் ஆண்டுக்குப் பின் தைப்பூசம் பொது விடுமுறை நாளாக இல்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையில், வேலைக்கும் பள்ளிக்கும் செல்லவேண்டிய குடும்பங்கள் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ பாற்குடம் எடுப்பதைக் காணலாம். உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி மனைவியின் பாற்குடத்தைப் பின்தொடரும் தந்தையர் அவ்வேளையில் பலர். வழியில் போக்குவரத்துக்காக ஊர்வலம் நிற்கும்போது, “அண்ணே, பிள்ளைக்குச் செருப்பு ஒன்று கழன்று விழுந்துடுச்சு” என்று பின்னாலிருந்து ஓடிவந்து கொடுப்பார் ஓர் இளைஞர். செருப்பு சிறியது, ஓடிவந்த தூரம் சிறியதன்று.

பொதுப் போக்குவரத்து நிறுவனங்களும் பெற்றோரின் சிரமத்தை உணரத் தொடங்கியுள்ளன. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு முதல் தள்ளுவண்டியை மடக்காமலே பேருந்தில் ஏற்றிச் செல்ல அனுமதி உண்டு. மலேசியாவில் பத்துமலை அடிவாரம் வரை 2010ஆம் ஆண்டு முதல் கம்யூட்டர் இரயில் செல்கின்றது. அதே ஆண்டில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டிகளும் இணைக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், விதி தள்ளுவண்டிக்கு அனுமதி தரும். அதனைப் படியில் தூக்கிவிட ஒரு கை நீளவேண்டுமானால் அது விதியால் நீளாது, மனத்தால்தான் நீளும்.

சுடுசொல் ஒன்று

இத்தனை நற்செயல்களுக்கிடையே மறைக்கக்கூடாத குறை ஒன்றும் உண்டு. எல்லாக் கைகளும் உதவ நீள்வதில்லை. சில நாவுகள் சுடவும் நீள்கின்றன.

அபிஷேக வேளையில் பிள்ளை வீறிட்டு அழும். முன்வரிசையில் நிற்பவர் திரும்பி முறைப்பார். “பச்சைப் பிள்ளையை இந்தக் கூட்டத்துக்கு யாரு தூக்கிட்டு வரச் சொன்னது?” என்பார் ஒருவர். “புள்ளைய அடக்கத் தெரியல” என்று முணுமுணுப்பார் இன்னொருவர். சொன்னவர்கள் அடுத்த கணமே மறந்துவிடுவார்கள். கேட்ட தாய் மறப்பதில்லை. தீபாராதனை காட்டுமுன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகின்றாள். மறு ஆண்டு, “பிள்ளை கொஞ்சம் வளரட்டும்” என்று வீட்டிலேயே இருந்துவிடுகின்றாள். அதற்கும் மறு ஆண்டு இரண்டாவது பிள்ளை. ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் ஆலயத்திற்குச் செல்லாமலிருப்பதே அக்குடும்பத்தின் வழக்கமாகிவிடுகின்றது. அப்பிள்ளைகளுக்குத் திருவிழா என்பது தொலைக்காட்சியில் காணும் ஒரு காட்சியாகச் சுருங்கிவிடுகின்றது.

ஆலயங்களுக்கு இளைஞர் வருகை குறைகின்றதே என்று கூட்டங்கள்தோறும் கவலை தெரிவிக்கப்படுகின்றது. வழிகாட்டி நூல்களும் சமய வகுப்புகளும் தேவையே. ஆனால் இருபது வயதில் வராத இளைஞன், இரண்டு வயதில் சந்நிதியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆலய நிர்வாகங்களும் பக்தர்களும் நினைவில் கொள்ளவேண்டும். அழும் பிள்ளையால் பூசைக்கு நேரும் இடையூறு ஒரு நிமிடத்திற்கு உரியது; அப்பிள்ளையை விரட்டும் சொல்லால் ஆலயத்திற்கு நேரும் இழப்பு ஒரு தலைமுறைக்கு உரியது.

அதே வேளையில், சுடுசொல்லின் உள்ளே ஒளிந்திருக்கும் அக்கறையையும் புறக்கணித்தல் கூடாது. கடும் வெயிலும், கற்பூரப் புகையும், உறுமியின் பேரொலியும் கைக்குழந்தைக்கு ஒவ்வாதவை என்பது உண்மையே. அந்த உண்மையைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. “ஏன் வந்தீங்க?” என்பது குற்றச்சாட்டு. “தங்கச்சி, அந்தத் தூண் பக்கம் காத்து வருது, அங்க நில்லுங்க, தீபாராதனை ஆனதும் நான் கூப்பிடுறேன்” என்பது தொண்டு. இரண்டையும் சொல்ல ஆகும் நேரம் ஒன்றுதான்.

கேட்டுச் செய்யும் உதவி

பிள்ளையைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளுவதும், கையில் இருக்கும் தின்பண்டத்தை வாயில் ஊட்டுவதும் முன்பு அன்பின் அடையாளமாக இருந்தன. அன்பு மாறவில்லை, காலம் மாறியிருக்கின்றது. இன்றைய பெற்றோர் அச்சத்திற்கும் காரணங்கள் உண்டு. ஆதலால் உதவ விரும்புவோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, பிள்ளையைத் தொடுமுன் பெற்றோரைக் கேட்டல். “தூக்கவா?” என்ற ஒரு சொல் போதும். வேண்டாம் என்று சொன்னால் வருத்தமின்றி விலகுதல் வேண்டும். பல வேளைகளில் பிள்ளையை வாங்குவதைக் காட்டிலும் பையை வாங்குவதே பெரிய உதவி. அதற்குப் பெற்றோரும் எளிதில் இசைவர்.

இரண்டாவது, கேளாமல் எதையும் ஊட்டாதிருத்தல். பாலும் கடலையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்பத்தும் வழங்கும் அன்பர்கள், பிள்ளைக்கு நீட்டுமுன் தாயிடம் நீட்டினால், எதைத் தரலாம் என்பதை அவரே முடிவுசெய்வார். காய்ச்சி ஆறிய நீரைத் தனியே ஒரு குடுவையில் வைத்திருக்கும் பந்தல், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு அமுதசுரபியாகத் தோன்றும்.

மூன்றாவது, பசித்து அழும் பிள்ளைக்குப் பாலூட்ட இடம் தேடும் தாய்க்கு மறைவு தருதல். நாலைந்து பெண்கள் முதுகு காட்டி வட்டமாக நின்றாலே ஓர் அறை உருவாகிவிடும். அதற்குச் செங்கல்லும் வேண்டாம். நன்கொடைச் சீட்டும் வேண்டாம். நிரந்தரமான ஓர் அறையை அமைத்துத்தரும் புரவலர்கள் இருப்பார்களாயின், கோபுரத்திற்கு வண்ணம் தீட்டியதற்கு நிகரான திருப்பணியாகவே அது அமையும்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. கூட்டம் உச்சத்தை எட்டும் வேளையைத் தவிர்த்தல், அலகுக் காவடிகளுக்கு அருகே பிள்ளையைக் கொண்டு செல்லாதிருத்தல், போதிய நீரும் நிழலும் தேடிக்கொள்ளுதல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. வேண்டுதலைத் தைப்பூச நாளன்றேதான் செலுத்தவேண்டும் என்பதில்லை. அதற்கு முந்திய நாட்களிலும் பிந்திய நாட்களிலும் காணிக்கை செலுத்துவோர் ஏராளம். கூட்டம் குறைந்த நாட்களில் பத்துமலைப் படிகளில் குரங்குகளின் தொல்லை இருக்கும் என்பதால், பால் புட்டியையும் வாழைப்பழத்தையும் கைக்கு வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளவேண்டும். இதனையும் முன்னே இறங்கி வருபவர் எவரேனும் சொல்லித்தான் செல்வார்.

கைநழுவிய விரல்

திருவிழாவில் பெற்றோர் எவரும் எதிர்கொள்ள விரும்பாத கணம் ஒன்று உண்டு. பிடித்திருந்த சிறுவிரல் நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். சுற்றிலும் மஞ்சள் உடைகள். அத்தனை தலைகளிலும் சந்தனம். அக்கணத்தில் அந்தத் தாய்க்கு இலட்சக்கணக்கான மக்களும் ஒரே சுவராகத் தெரிவர். அச்சுவரில் ஒரு கதவைத் திறப்பவர், பிள்ளையைக் கண்டெடுக்கும் யாரோ ஒருவர்தாம்.

தனியே அழும் பிள்ளையைக் காண்பவர், உடனே தூக்கிக்கொண்டு நடக்காமல், அதே இடத்தில் சிறிது நேரம் நிற்பதே அறிவுடைமை. தேடும் பெற்றோர் வந்த வழியேதான் திரும்பி வருவர். பிள்ளையின் உயரத்திற்குக் குனிந்து பேசுதல் வேண்டும். அருகிலிருக்கும் பெண்மணி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுதல் வேண்டும். பெற்றோர் வாராவிடில், காவல்துறையினரிடமோ முதலுதவிக் கூடாரத்திலோ ஆலய ஒலிபெருக்கி நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். பெற்றோரைக் கண்டு பிள்ளை கைமாறும் வரையில் உடனிருந்தால் அதுவே நிறைவான உதவி.

பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய சீட்டு ஒன்று இருப்பின் இவ்வேலை எளிதாகும். பெருங்கூட்டத்தில் கைப்பேசி அழைப்புகள் கிட்டாமல் போவதும் உண்டு என்பதால், பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறப்புவிழாக் கண்ட 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவம் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும். அதன் அடிவாரம், வழிதவறிய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதோர் அடையாளம்.

வெறிச்சோடிய ஆண்டு

2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் பத்துமலையில் காவடிகளும் பாற்குடங்களும் அனுமதிக்கப்படவில்லை. தொட்டில் கட்ட வேண்டியிருந்த பெற்றோர் வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றிக் காத்திருந்தனர். படிகளில் நெரிசல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. அதே சமயம், “கைக்குழந்தை வருது” என்று குரல் கொடுக்கவும் எவரும் இல்லை. கூட்டம் என்பது தொல்லை மட்டுமன்று, துணையும்தான் என்பதை அந்த வெறுமை உணர்த்தியது. பின்னர்ப் படிகள் மீண்டும் நிறைந்தபோது அக்குரலும் மீண்டது.

பல்லக்குச் சுமந்த முதியவர்

பெரியபுராணம் காட்டும் காட்சி ஒன்றோடு இதனை நிறைவு செய்தல் பொருந்தும். சீர்காழிப் பிள்ளையாகிய திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசரைக் காணும் ஆவலோடு முத்துச் சிவிகையில் திருப்பூந்துருத்தி நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரை எதிர்கொள்ள முன்னதாகவே வந்த நாவுக்கரசர், கூட்டத்தினுள்ளே புகுந்து, எவரும் அறியாவண்ணம் சிவிகையைத் தாங்குவோருள் ஒருவராகத் தாமும் தோள் கொடுத்தார். ஊரை அணுகியதும், அப்பர் எங்கே உள்ளார் என்று சம்பந்தர் வினவியபோதுதான், சிவிகையின் அடியிலிருந்து விடை வந்தது. பதறிக் கீழிறங்கினார் அந்தப் பிள்ளை. ஆண்டிலும் அனுபவத்திலும் மூத்தவர், தமிழகம் போற்றிய அருளாளர், கூட்டத்தில் முகந்தெரியாதவராக நின்று ஓர் இளம்பிள்ளையைச் சுமந்தார். தம்மை எவரும் காணவேண்டும் என்று அவர் விரும்பவில்லை.

கரும்புத் தொட்டிலின் அடியில் உள்ளங்கையை ஏந்தி வருபவரும் அவ்வரிசையில் வந்தவரே. அலகு தரிக்க எல்லோராலும் இயலாது. தங்கத்தால் இரதம் செய்ய எல்லோரிடமும் பொருள் இல்லை. ஒரு படி ஒதுங்கி நின்று வழிவிடுதல் எவராலும் இயலும். இவ்வாண்டு தைப்பூசத்திற்குச் செல்லும் அன்பர்கள், படிகளில் அக்குரல் கேட்கும்போது ஒதுங்கி நிற்பார்களாக. குரல் எழவில்லையாயின் தாமே எழுப்புவார்களாக.

அறுவர் மடியில் வளர்ந்த ஆறுமுகப் பெருமான், தொட்டிலில் வரும் பிள்ளைகளையும், அவர்களைப் பெற்றோரையும், பெயர் சொல்லாமல் தோள் கொடுத்துச் செல்லும் அன்பர்களையும் காத்தருள்வானாக.